சுவாவிலிருந்து வந்த மனுசன்

கனடாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் ஜூலியசைப் பிஜித் தீவின் தலைநகரான சுவாவில் விட்டுவிட்டுத் தலைமறைவானான். அது தொண்ணூறாம் ஆண்டு. அந்தத் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்களின் எஞ்சின் திருத்திக்கொண்டு நாலு வருசம் கிடந்தார். முன்னரே ரொறன்ரோ வந்துவிட்ட மனைவி கிளடிஸ், சென் ஜேம்ஸ் ரவுணில் மகள் ஸ்டெபனியோடு இருந்தபடி, ஒருவாறு அவரை ஸ்பொன்சர் செய்து எடுப்பித்தாள்.

வந்த மனுசன் வீட்டில் தரிக்கவில்லை. பதினேழாம் மாடியில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலைக்குப் போய், கிழமை முடியுமுன் விட்டார். விடிய எழும்பி ஏரிக்கரைக்குப் போய், உறைந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார். வாய் திறந்தால் சுவாதான். கப்பல்துறையை ஒட்டிய சந்தை, ஓயாத மழை, வேலை முடிய எல்லாரும் பாயில் குந்தி ஒரே சிரட்டையில் குடிக்கும் யங்கோனா என்ற வேர்ச்சாறு.

“நாலு வருசம் ஆம்பிளை தனிய இருந்திருப்பாரோ?” என்று கிளடிஸ் வேலைசெய்யும் தையல் தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் இருக்கும் றோஸ்மேரி சாடையாகக் கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிறு நேரே கேட்டுவிட்டாள்.

“அங்கை ஆரையும் வச்சிருந்தனீங்களோ? மறைக்காமச் சொல்லுங்கோ.”

“இல்லை கிளடிஸ். அங்கை ஒரு எஞ்சின் நிண்டால் என்னைத் தேடி ஆள் வரும். இஞ்சை ஒருத்தருக்கும் நான் தேவையில்லை.”

பெண்ணென்றால் சண்டை பிடித்திருப்பாள். ஊரோடு என்னத்தைப் பிடிப்பது? யோசித்துப் பார்த்தாள். வாடகை, மகளின் பள்ளிக்கூடம், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் தானே பார்த்துப் பழகி, அவர் வந்தபிறகும் ஒன்றையும் அவரிடம் விடவில்லை.

றோஸ்மேரி இருப்பது ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏரியோரமாக உள்ள பிக்கரிங்கில். அங்கே குடாவில் படகு திருத்தும் யார்ட் ஒன்றுக்கு ஆள் தேவையென்று அவள் சொல்ல, கிளடிஸ் லீவு போட்டு அவரைக் கூட்டிப்போனாள். வேலைக்கு எடுத்தார்கள். வேனிலுக்குள் மூவரும் பிக்கரிங்கில் ஒரு பேஸ்மென்டுக்கு மாறினார்கள். இப்போது தையல் வேலைக்கு ரயிலேறி அலைவது அவள்.

மார்கழியில் ஏரி உறைய, குளிர்காலம் முடியுமட்டும் யார்டைப் பூட்டினார்கள். ஜூலியஸ் திரும்பவும் நடக்கத் தொடங்கினார். கிளடிஸ் குறுக்கே வந்து நின்றாள்.

“வாற வருசம் மூண்டு பேருமாய்ச் சுவாவுக்குப் போவம். நானும் அந்த ஊரைப் பாக்கவேணும்.”

அவர் நடையை விட்டுக் கதிரையில் இருந்தார். அடுத்தநாள் வேலைக்குப் போனதும் அவள் ஓவர்ரைம் கேட்டாள்.