முகவரி சொல்லாத கூட்டம்

அந்தப் புரோக்கரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சொத்து வாங்கும் எங்களுக்கெல்லாம் வாய் ஓயாமல் யோசனை சொல்லியே காலத்தை ஓட்டிய ஆள்.

ஞாயிறுதோறும் பெயின்ட் கடை மாடியில் கூடுவோம். வாங்கும் இடத்தின் முகவரியை மட்டும் யாரும் சொல்ல மாட்டோம். சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரன் முந்திக்கொள்வான்.

அன்று புரோக்கரின் மச்சான் எழுந்தான்.

"ஒரு பழைய கட்டடத்த வாங்கி முடிச்சிருக்கேன். மாடியில ஒரு குடும்பம் பதினெட்டு வருஷமா ஒட்டிக்கிட்டிருக்கு. எப்படிக் கிளப்புறது?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார் புரோக்கர். "மாடிக்குப் போற தண்ணிய நிறுத்து. ரெண்டே நாள்ல மூட்டையக் கட்டிருவான்."

"பொம்பளைங்க இருப்பாங்களே," என்றேன்.

"குழாய் ரிப்பேர் பண்ற உனக்கு எதுக்குய்யா இந்தப் பேச்சு?" என்று எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீரை நிறுத்த மச்சான் என்னையே கூப்பிட்டான். வாசலுக்குப் போனதும் அது யார் குடியிருக்கும் வீடென்று தெரிந்துவிட்டது. மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. வால்வை நன்றாக இறுக்கியே மூடினேன்.

சற்று நேரத்தில், தலையெல்லாம் சோப்பு நுரையோடு, இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு புரோக்கர் படியிறங்கி ஓடிவந்தார். எங்கள் இருவரையும் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அடப்பாவி! மேல உன் அக்கா இருக்காடா!"

மச்சான் அசையவில்லை.

"அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன் மாமா. நீங்க மூட்டையக் கட்டுங்க."