ஆறு பதினேழுக்கு அமுங்கிய பொத்தான்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஸ்ரீநாத் கதை கட்டத் தெரியாத ஆள். அவர் சொன்னதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு ஃபிஜியில் ஆட்சியைக் கவிழ்த்தபோது அவர் சுவா நகரத்தில் சிக்னல் என்ஜினீயர். திருச்சியிலிருந்து ஒப்பந்தத்தில் போனவர். வண்டிகளை எண்ணி, கம்ப்யூட்டரே சிக்னலை மாற்றும் ஏற்பாடு அது. அதைக் கண்காணிப்பது அவர் வேலை.

மே மாதம் இந்தியர்களின் கடைகளைக் கொளுத்தினார்கள். மனைவி யசோதாவை ஊருக்கு அனுப்பிவிட்டார். கூட வேலை பார்த்த பல்ராமும் ஜூனில் ஆக்லாந்து கிளம்பினார். பல்ராம் ஃபிஜியிலேயே, நடபுவாவில் பிறந்து வளர்ந்தவர், வீட்டிலும் இந்திதான். சாவியைக் கொடுத்தபோது மட்டும் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

“ஸ்ரீநாத் பாய், நீங்களும் போயிடுங்க. இங்கே இனிமே யாரு இருக்கா?”

அன்றிலிருந்து கட்டுப்பாட்டு அறையில் ஸ்ரீநாத் தனி ஆள். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குப் பிறகு தெருவில் ஈ காக்கை இருக்காது. ஆளில்லாத சாலைகளில் சிவப்பும் பச்சையும் மாறிக்கொண்டிருக்கும். பேச்சுத்துணைக்கு யாருமில்லாமல் அவர் திரையோடு பேசத் தொடங்கியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை. மாலை 6.17. திரையில் பதினான்காம் சந்திப்பு மினுங்கியது. யாரோ சாலையைக் கடக்கப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். கேமராவில் பார்த்தார்.

ஆள் இல்லை.

செவ்வாய், அதே 6.17. புதன், அதே 6.17.

வியாழன் காலை ராணுவ முகாமிலிருந்து போன். வெறும் சாலையில் தங்கள் லாரியைச் சிவப்பு விளக்கு நிறுத்துகிறது, சரிசெய்யாவிட்டால் கம்பத்தையே பிடுங்கிவிடுவோம் என்றார்கள். ஸ்ரீநாத் மதியமே போய்ப் பொத்தானின் ஒயரைக் கழற்றிவிட்டு வந்தார்.

அன்று மாலை 6.17...

பதினான்கு மினுங்கியது.

ஊரடங்கு பாஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு நடந்தார். தூறல். எரிந்துபோன துணிக்கடையிலிருந்து கரி வாடை. 6.25க்குக் கம்பத்தடியில் நின்று பெட்டியைத் திறந்தார். ஒயர் கழற்றியபடியே தொங்கியது.

பெட்டியை மூடினார். அவர் கண்ணெதிரே பொத்தான் மெல்ல உள்ளே போனது. யாரோ விரல் வைத்து அமுக்குவதுபோல...

டிக்... டிக்... டிக்...

பச்சை.

“யாரும்மா?”

ஏன் ‘அம்மா’ என்று கேட்டார்? அவருக்கே தெரியாது.



இடது முழங்கை சில்லிட்டது.

மழைதான் என்று நினைத்தார்.

குடைக்குள் இருந்த கை அது...

சாலையைக் கடந்தார். ஓடவில்லை. ஓடினால் கூடவே ஓடிவரும் என்று தோன்றியது. சிவப்பில் ஒரு ராணுவ லாரி அவருக்காகக் காத்து நின்றது. திரும்பிப் பார்க்காமல் நேராக வீடு. கதவைத் தாழிட்டபோது 6.41.

மறுநாள் 6.17க்குத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை. சனி, ஞாயிறு... ஒன்றுமில்லை. பதினான்கு அதற்குப் பிறகு ஒருநாளும் மினுங்கவில்லை. தொல்லை விட்டது என்று நிம்மதியாகத் தூங்கினார்.

ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு மாதம் இருந்தது. ஆனாலும் அடுத்த வியாழக்கிழமையே அவர் விமானம் ஏறிவிட்டார். காரணம், அதற்கு முந்தின நாள் சோதனைச் சாவடியில் கேட்ட ஒரு பேச்சு.

பாஸை வாங்கிப் பார்த்த சிப்பாய்தான் அன்று லாரி ஓட்டியவர். ஸ்ரீநாத்தை அடையாளம் கண்டு சிரித்தார். அந்தம்மாவுக்கு இப்போது கால் தேவலையா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

எந்தம்மா என்று கேட்டார் ஸ்ரீநாத்.

“உங்களோட நொண்டி நொண்டி வந்தாங்களே, அவங்கதான். பாவம்னு உங்க வாசல் வரைக்கும் பின்னாடியே வெளிச்சம் அடிச்சுக்கிட்டு வந்தோம். நீங்க கதவைத் திறந்ததும் அவங்கதானே முதல்ல உள்ளே போனாங்க?”