உபதேசியார் வீட்டுக் கட்டில்

என் அண்ணன் தேவதாசன் செய்த கட்டில்கள் இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் கிடக்கின்றன. ஒன்றுகூட ஆடுவதில்லை. ஆனால் அவன் பெயரை எடுத்தால் அந்த வீடுகளில் யாரும் கட்டிலைப் பற்றிப் பேசமாட்டார்கள். வேறொன்றைப் பேசுவார்கள். அதில் எனக்கு என்ன பங்கு என்று அவர்களுக்குத் தெரியாது. வாயால் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டி இருக்கிறது. அண்ணன் மிஷன் தொழிற்பள்ளியில் மூன்று வருஷம் தச்சு வேலை படித்துவிட்டு வந்து வீட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டான். எங்கள் சபையில் கல்யாணப் பெண்ணுக்குக் கட்டில் கொடுப்பது வழக்கம். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசித்துச் சபைக்கு அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்ததுமே அண்ணன் கண் மாப்பிள்ளையைத் தேடும், கட்டிலுக்கு நீளம் பார்க்க. பெண்கள் உட்காரும் பக்கம் அவன் பார்க்க முடியாது. அதனால் வீடு திரும்பும் வழியில் என்னைக் கேட்பான்.

"ஏட்டி எப்சி, பொண்ணு எவ்வளவு உசரம்?"

"மதினிக்கு ரெண்டு விரக்கடை கூட."

பிறகு அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். "இவ கண்ணுக்குள்ள அடிக்கோல் இருக்கு" என்று அவன் கிரேஸ் மதினியிடம் பெருமையாகச் சொல்வான். மதினி அண்ணனின் மனைவி. அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அந்த வீட்டில்தான் நானும் இருந்தேன்.

முதல் உலக யுத்தம் முடிந்த வருஷம், சித்திரையில், எங்கள் சபை உபதேசியார் எலியேசர் கொட்டகைக்கு வந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். ஊரில் அவர் உயரத்துக்கு இன்னொருவர் கிடையாது. குனிந்துதான் உள்ளே வந்தார்.

"கார்த்திகையில எம்மக சாலோமிக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் வே. அவளும் என்னை மாதிரியே வளந்துட்டா. கட்டிலுக்கு வெளிய காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கக் கூடாது, பாத்துக்கிடும்."

அண்ணன் நன்றாகக் காய்ந்த பூவரசுப் பலகைகளாகப் பொறுக்கிக் கொட்டகையின் மூலையில் சாத்தி வைத்தான். மேலே சுண்ணாம்புக்கட்டியால் 'சாலோமி' என்று எழுதினான்.

ஆடியில் காய்ச்சல் வந்தது. நானும் ஐந்து நாள் கிடந்து எழுந்தேன். அத்தோடு போயிற்று என்றுதான் இருந்தோம். ஐப்பசியில் அது திரும்பி வந்தபோது வேறு மாதிரி வந்தது. காலையில் தண்ணீர் எடுத்தவள் மறுநாள் இல்லை. கிராம முன்சீப் ஆவுடைநாயகம் தமுக்கு அடித்துச் சொல்லச் சொன்னார். கோயிலும் பள்ளிக்கூடமும் அடைப்பு. செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடாது. வண்டி உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. காய்ச்சல் கண்ட வீட்டுக் கதவில் செம்மண் பட்டை. இறந்தவரை ஆறு மணி நேரத்துக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும்.

வாத்தியார்மாருக்கும் உபதேசியாருக்கும் மிஷனிலிருந்து சம்பளம் வந்தது. பாதியாவது வந்தது. கருப்பட்டி விற்கிற பாலம்மாளுக்கும் எங்கள் அண்ணனுக்கும் யார் கொடுப்பார்கள்? கோயில் அடைத்தால் ஓலை இல்லை, ஓலை இல்லையென்றால் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லாமல் யார் கட்டில் கேட்பார்கள்? வீட்டில் சோறு ஒரு வேளையாயிற்று. பிறகு சோளக்கஞ்சி. பிறகு முருங்கைக்கீரையை உப்புப் போட்டு அவித்தது. மழையும் அந்த வருஷம் பொய்த்ததால் கீரைகூடப் பழுத்து உதிர்ந்தது. அண்ணன் சும்மா இருக்கமாட்டாமல் உளியைத் தீட்டிக்கொண்டே இருப்பான்.

"தீட்டித் தீட்டி அது பாதி தேஞ்சு போச்சு. தீட்டுன உளியைத் திங்க முடியுமா?" என்பாள் மதினி.

"வேணும்னா ரெண்டு ஆப்பு செதுக்கித் தாரேன், அவிச்சுத் தா" என்பான் அவன்.

அப்போதுதான் சவப்பெட்டிக்கு ஆட்கள் வந்தார்கள். வாசலுக்கு வெளியே நின்றே கேட்பார்கள். கூலிக்குச் சோளமோ இரண்டு தேங்காயோ வைத்துவிட்டுப் போவார்கள். பட்டை அடித்த வீட்டுக்குள் போக அண்ணனுக்கு அனுமதி இல்லை. ஒரு தடவை காய்ச்சல் வந்து எழுந்தவளுக்குத் திரும்ப வராது என்று எல்லாரும் சொன்னதால், அந்த வீடுகளுக்குக் கஞ்சி கொண்டுபோகிற வேலையை முன்சீப் எனக்கு ஒப்புக்கொடுத்திருந்தார். அதனால் அளவும் நான்தான் பார்த்துவந்து சொன்னேன்.

அண்ணன் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தான். மூச்சு நின்றபிறகுதான் கோலைக் கையில் எடுப்பான். அதனால் சில சமயம் ஆறு மணி நேரத்துக்குள் பெட்டி முடியவில்லை. இரண்டு பேர் பாயில் சுருட்டிக் கல்லறைக்குப் போனார்கள். ஒருவர் பெரிய வாத்தியார். "ஊருக்குள்ளேயே தச்சன் இருந்தும் பாயோட போனாரு" என்று அண்ணனைத்தான் குறை சொன்னார்கள். இதற்குள் பெட்டிகளுக்கு எடுத்த மாம்பலகையும் தீர்ந்துவிட்டது. மேலப்பாளையத்தில் அசன் மைதீன் மரக்கடையிலிருந்து வண்டி வர வழியில்லை.

அப்படி இருக்கும்போது உபதேசியார் காய்ச்சலில் விழுந்தார். முதல் இரண்டு நாள் நான் வாசலோடு கஞ்சியை வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவி பாக்கியவதி அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"எங் கையால ஊத்துனா வாயைத் திறக்கமாட்டேங்காக. நீ பைய ஊத்திப் பாரு எப்சி."

பாய்க்கு வெளியே இரண்டு பாதமும் நீட்டிக்கொண்டு கிடந்தன. உதடு நாவற்பழம் தின்றதுபோல நீலம். மூச்சு இழுத்து இழுத்து நின்று பிறகு வந்தது. நாலு கரண்டி ஊற்றினேன். இரண்டு உள்ளே போயிற்று. சாலோமி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைப் பொழுதைத் தாண்டமாட்டார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நான் பாத்தேன்."

அவன் உளியைக் கீழே வைத்தான். "பலகைக்கு எங்க போக?"

நான் மூலையைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"அது சாலோமிக்கு உள்ளது."

"அப்பன் போயிட்டா அந்தப் பிள்ளைக்கு இப்பம் கல்யாணமா நடக்கப் போவுது?" என்றாள் மதினி அடுப்படியிலிருந்து. "ஊருக்கெல்லாம் நின்னு அடக்கம் பண்ணுன மனுசன். அவரும் பாயோடதான் போகணுமா?"

"மூச்சு இருக்கவருக்கு நான் கோல் புடிக்கமாட்டேன்."

"நீ புடிக்க வேண்டாம்ணே" என்றேன். "ஆறடி ஒண்ணரை அங்குலம். தோளுக்கு ரெண்டடி."

அதற்கு முன்னால் நான் அவனிடம் அவ்வளவு அழுத்தமாக எதையும் சொன்னதில்லை. அவன் எழுந்துபோய்ப் பலகையிலிருந்த பெயரைக் கையால் துடைத்தான்.

மதினி சொன்ன காரணம் எனக்கும் இருந்தது. ஆனால் சம்பளம் வருகிற வீடு, பத்தாயத்தில் நெல் இருக்கிற வீடு என்பதும் மனதில் இருந்தது. குழந்தைகள் சோற்றைப் பார்த்துப் பத்து நாளாகியிருந்தது. இரண்டில் எது எனக்கு முந்தித் தோன்றியது என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன். நெல்தான் முந்தித் தோன்றியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெட்டி முடிந்தது. மூடியில் சிலுவைகூடச் செதுக்கியிருந்தான். அவ்வளவு நேர்த்தியாக அவன் வேறு யாருக்கும் செய்யவில்லை.

மறுநாள் போனேன். மூச்சு இருந்தது. அதற்கு மறுநாள் கண்ணைத் திறந்தார். பெட்டி முடிந்த நாலாம் நாள் நான் ஊற்றிய கஞ்சியை விழுங்கிவிட்டு, "உப்புப் பத்தலியே பிள்ள" என்றார். பாக்கியவதி அம்மாள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கொட்டகையில் கிடக்கிற பெட்டியை நினைத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

அந்தப் பெட்டி வேறு யாருக்கும் பொருந்தாது. அறுத்துக் குறைத்தால் பொருந்தும். பெட்டி கேட்டு ஆட்களும் வந்தார்கள். பலகை தீர்ந்துவிட்டதென்று அண்ணன் வாசலிலேயே அனுப்பிவிட்டான். "அது ஒருத்தர் பேருல செஞ்சது. இன்னொருத்தருக்குக் குடுத்தா அவரை ரெண்டு தடவ கொன்ன மாதிரி" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் பனையோலையைப் போட்டு மூடி வைத்தான். அந்த நாட்களில் நாங்கள் எதைத் தின்றோம் என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை.

கார்த்திகை பிறந்ததும் காய்ச்சல் தணிந்தது. கோயில் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாலோமிக்குத்தான் முதல் ஓலை. ஆராதனை முடிந்து வரும்போது உபதேசியார், "கட்டில் ஆயிட்டாவே?" என்று கேட்டார். அண்ணன், "ஆயிக்கிட்டிருக்கு" என்றான்.

வேறு பலகை வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. நான்தான் மறுபடியும் சொன்னேன்.

"பெட்டியைப் பிரிச்சுக் கட்டிலாச் செஞ்சிரேன். நம்ம மூணு பேருக்குத்தான தெரியும்."

"அதுல கெடக்கவளுக்குத் தெரியாம இருக்கலாம். செஞ்சவனுக்குத் தெரியும்லா."

இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் காலையில் மூடியைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, பக்கப் பலகையில் ஆணி பிடுங்க ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துப் பாக்கியவதி அம்மாள் கட்டிலைப் பார்க்க வந்தார்கள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் முறத்தோடு நின்றிருந்தேன்.

முதலில் சிலுவையைப் பார்த்தார்கள். பிறகு மூடியை மேலிருந்து கீழே பார்த்தார்கள்.

"இது யாருக்குடா செஞ்சது?"

அண்ணன் எழுந்து நின்றான்.

"வாயைத் திறயேன். இந்த ஊருல இவ்வளவு நீளத்துக்கு யாரு இருக்கா?"

"அம்மா..."

"நான் அங்கன அவுக தலைமாட்டுல முழங்கால் போட்டுக்கிட்டுக் கெடந்தேன். நீ இங்கன பெட்டி அடிச்சுக்கிட்டு இருந்தியா? இப்பம் அதைப் பிரிச்சு, அதுலயா எம்மகளைப் படுக்க வைக்கப் பாக்குத?" அவர்கள் சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். "அவுக போயிருவாகன்னு ஒனக்கு யாருடா சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் நெனைச்சேன்."

"நீ வீட்டுக்குள்ளேயே வரலியே. அளவு எப்படித் தெரியும்?"

"கோயில்ல பாத்திருக்கேன்லா."

கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஆறேழு அடிதான் இருக்கும். முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நின்றுவிட்டேன்.

அன்று சாயங்காலம் உபதேசியார் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். பலகைகளைத் தடவிப் பார்த்தார்.

"பிரிக்கதுக்கு முன்னால சொல்லியிருந்தா ஒரு தடவ படுத்துப் பாத்திருப்பேன்லாவே. அளவு சரிதானா?" என்று சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எனக்கு ஒம்ம மேல ஒண்ணுமில்ல. வீட்டுல கேக்கமாட்டேங்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணங்கள் தள்ளிப்போயிருந்ததால் அந்த மாதம் வரிசையாக ஓலை வாசித்தார்கள். ஒரு வீட்டாரும் எங்கள் கொட்டகைக்கு வரவில்லை. "தேவதாசன்கிட்ட கட்டில் சொன்னா, கூடவே ஒரு பெட்டியும் அடிச்சு வச்சிருவான்" என்று குளத்தடியில் சிரித்தார்கள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

சாலோமிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கட்டில் வந்தது. சீர் சாமான்களை உள்ளே வைத்து ஜெபம் பண்ணுவது எங்கள் ஊர் வழக்கம். கட்டில் காலோடு வாசலில் நுழையவில்லை. காலைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் மாட்ட வேண்டும். ஊரில் தச்சன் ஒருவன்தான். உபதேசியார் ஆள் அனுப்பினார்.

மதினி போகக் கூடாதென்றாள். அண்ணன் உளியையும் அதை அடிக்கிற கொட்டாப்புளியையும் எடுத்தான். நானும் கூடப் போனேன். அங்கே எல்லாரும் இருக்கையில் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

அவன் உள்ளே மண்டியிட்டுக் காலைப் பொருத்திக்கொண்டிருந்தான். பாக்கியவதி அம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ அன்னைக்கு ஊத்துன கஞ்சிதான் எப்சி அவுகளை எங்களுக்குத் தந்தது" என்றார்கள், கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்க. துணிப்பெட்டியைத் திறந்து ஒரு புதுச் சேலையை எடுத்து என் கையில் வைத்தார்கள்.

கொட்டாப்புளிச் சத்தம் நின்றது. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து ஆப்பை அடித்தான். நான் சேலையை வாங்கிக்கொண்டேன்.

கூலி எவ்வளவென்று உபதேசியார் கேட்டதற்கு அண்ணன் வேண்டாமென்று சொல்லிவிட்டான். திரும்பி வரும்போது, "கட்டில் காலை நல்லாக் கடைஞ்சிருக்கான், பாளையங்கோட்டைக்காரன். பொருத்துதான் சரியில்ல. இறுக்கி விட்டிருக்கேன்" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை தூத்துக்குடிக்குப் புறப்பட்டான். அங்கே கப்பலில் ஏற்றுகிற சாமான்களுக்குப் பெட்டி அடிக்கிற வேலை கிடைத்தது. சாகும்வரை அதைத்தான் செய்தான். கட்டில் ஒன்றுகூடச் செய்யவில்லை. புறப்படும்போது என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்.

"யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லிக்கிட்டுத் திரியாத ஏட்டி. ஒனக்காவது இங்கன நாலு வீட்டு வாசல் திறந்து இருக்கட்டும்."

அவன் பேச்சைத் தட்டக் கூடாதென்றுதான் இருந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அவன் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.