பொன்னி நடந்த பக்கம்

பஜ்ஜி தின்று முடித்ததும் பொன்னியக்கா அந்தத் தாளைக் கசக்கிப் போடமாட்டார். எண்ணெய் ஊறிய தாளை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிடுவார். பிறகு நீளவாக்கில் பாதியாக மடிப்பார். மூலையோடு மூலை சேர்ந்ததா என்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். சேரவில்லை என்றால் பிரித்து மறுபடியும். கட்டைவிரல் நகத்தால் மடிப்பின் மேல் ஒரு இழுப்பு. அப்புறம் குறுக்கே, அப்புறம் திரும்ப நெடுக்கே. தீப்பெட்டி அளவுக்கு வந்ததும் டீ கிளாசுக்கு அடியில் செருகிவிட்டு எழுந்துவிடுவார். பஸ் டிக்கெட், மருந்துக்கடை கவர், யாரோ கையில் திணித்த ஜோசிய நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கிளாசைத் தூக்கினாலே யார் வந்துவிட்டுப் போனார்கள் என்று தெரியும் என்பார் டீக்கடை மணி.

மடிப்பதுதான் அவருக்கு வேலை. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், கோதண்டராமன் என்பவரின் லாண்டரி இருக்கிறது. ஆசிரமத்தைச் சுற்றியுள்ள கெஸ்ட் ஹவுஸ், லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுக்கப் போகும். நான் ரிசப்ஷனில் உட்காரும் கெஸ்ட் ஹவுஸ் மூட்டையும் அங்கேதான் போனது. டபுள் காட் விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும்; ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து சேரவேண்டும். பொன்னியக்கா மட்டும் தனியாகவே மடிப்பார். நடுமடிப்பைத் தாடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தால் விரிப்பு தானாக வந்து அடங்கும். அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் வாய் மூடியிருக்கும்.

ஊர், கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பத்தாவது வரை படிப்பு. வீட்டுக்காரர் புகழேந்தி பெங்களூரில் கொத்தனார். தீபத்துக்கும் பொங்கலுக்கும் வருவார். ஒரே மகள் இனியா பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். வீடு ஊரைவிட்டுத் தள்ளி, வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் ஒற்றையாக இருந்தது. இருட்டுவதற்குள் தான் வீட்டில் இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் வேலையில் சேரும்போது பொன்னியக்கா போட்ட கண்டிஷன். லாண்டரிக்கு வருகிற பெண்கள் எல்லோருமே அந்தப் பக்கத்துக்காரர்கள். அவர்களைக் கூட்டிவர, கொண்டுபோய்விட ஒரு வேன் இருந்தது. சாயங்காலம் எங்கள் வாசலைத் தாண்டும்போது அதிலிருந்து பாட்டும் சிரிப்பும் வழிந்துகொண்டே போகும்.

ஆடி முடியும்போது கோதண்டராமன் வேனை நிறுத்திவிட்டார். டீசல், இன்சூரன்ஸ், டிரைவர், எல்லாம் சேர்த்துக் கட்டுப்படியாகவில்லை என்றார். பெண்கள் போய்க் கேட்டதற்கு, லேடீஸுக்கு கவர்மெண்ட் பஸ் ஃப்ரீயாகவே ஓடும்போது வேன் எதற்கு என்று திருப்பிக் கேட்டார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சாதாரண நாளில் எப்படியோ தொற்றிக்கொண்டு போய்விடலாம். ஆனால் பௌர்ணமி வந்தால் இந்த ஊரில் பஸ் ஸ்டாண்டே ஊருக்கு வெளியே போய்விடும். ரோட்டை அடைத்துவிடுவார்கள், கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோகூட நகராது. லாட்ஜெல்லாம் நிரம்புவதும் அன்றைக்குத்தான், லாண்டரியில் வேலை ஜாஸ்தியாவதும் அன்றைக்குத்தான். பஸ் இல்லாத நாளில் பஸ்ஸில் போ என்றால் என்ன அர்த்தம் என்றார் பொன்னியக்கா. அந்த மாதம் பௌர்ணமியை ஒட்டி அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது, இனியா கதவுக்குக் குறுக்கே அம்மிக்கல்லை உருட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாளாம். அடுத்த பௌர்ணமிக்குள் வேன் வரவேண்டும், இல்லையென்றால் தான் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று மறுநாளே சொல்லிவிட்டார். இவர் மட்டும் விட்டுவிட்டு என்ன ஆகப்போகிறது, எல்லோரும் சேர்ந்து கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்போம் என்றாள் நந்தினி. லாண்டரியிலேயே சின்ன வயசு அவள்தான். வாய் மட்டும் சின்னது இல்லை.

இப்படித்தான் ஆவணிப் பௌர்ணமிக்கு முந்தின வாரம் ஸ்ட்ரைக் ஆரம்பித்தது. கொடி இல்லை, சங்கம் இல்லை. காலையில் ஃப்ரீ பஸ் பிடித்து வந்து லாண்டரிக்கு எதிரில் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். கைக்கு மடிக்க எதுவும் கிடைக்காமல் பொன்னியக்கா புளிய இலையைக்கூட விட்டுவைக்கவில்லை.

இரண்டாவது நாளே எங்களுக்கு உறைத்தது. எங்கள் ஓனர் கைத்தறிக் கடையில் இருந்து எட்டு முழ வேட்டியாக அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் விரிக்கச் சொன்னார். மாடி அறையில் இருந்த இத்தாலிக்காரப் பெரியவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், மறுநாள் அதையே இடுப்பில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். எங்களுக்கு ஒரு விரிப்பு கம்மி. பக்கத்து லாட்ஜில் ரூம் எடுத்த ஒரு குடும்பம், ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்திக்கொண்டு தூங்கியதாகக் கேள்வி.

லாண்டரியில் அதைவிட மோசம். கோதண்டராமன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. எப்போதும் மூலை மேசையில், வலது தோள் சுவரில் உரச, போனை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு ஆர்டர் எழுதுகிறவர், இப்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மிஷினில் துணி போட்டார். அதுவரை அந்தப் பக்கமே வந்திராத அவர் மனைவி ரேவதியம்மா மொட்டை மாடியில் விரிப்பு உலர்த்துவதைப் பார்த்தேன். நனைந்த டபுள் காட் விரிப்பு ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். அதைக் கொடியில் ஏற்ற அவர் மூன்று முறை முயன்று, நாலாவது முறை அதோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டார். மரத்தடியில் யாரோ சிரிக்க, பொன்னியக்கா முறைத்தார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் போலீஸ் வந்தது. கிரிவலப் பாதை பக்கம் இது, நாளைக்கு இங்கே கூட்டமாக உட்காரக் கூடாது, ஊர்வலம் கோஷம் எதுவும் கூடாது என்று எஸ்.ஐ. கண்டிப்பாகச் சொன்னார். பொன்னியக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஊர்வலம் வேணாம் சார். நாங்க கிரிவலம் போறோம். அதுக்கு பர்மிஷன் கேக்கணுமா?"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். துடைக்கிற சாக்கில் அவர் சிரித்ததாக நந்தினி பிற்பாடு சொன்னாள்.

கோதண்டராமன் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். அந்த மாதம் திதி காலையிலேயே பிறந்துவிட்டதால், வெயில் ஏறுமுன் முடிக்கலாம் என்று விடியும்போதே மனைவியோடு ராஜகோபுரத்துக்கு வந்தார். கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பினால் லாண்டரியே எதிரில் நிற்கிறது. குளித்து, தலையில் பூ வைத்து, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு. நாளைக்காவது விரிப்பு வருமா வராதா என்று தெரிந்துகொண்டு வரச்சொல்லி என் ஓனர் அனுப்பியதால் நானும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன்.

பொன்னியக்கா வணக்கம் சொன்னார். கோதண்டராமன் ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்து, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மௌன கிரிவலம். சுற்றி முடிக்கிற வரை வாய் திறக்கமாட்டார். பெண்கள் எல்லோருடைய முகமும் தொங்கிப்போயிற்று. மனுஷன் தப்பிச்சிட்டாருடி என்றது ஒரு குரல். பொன்னியக்கா மட்டும் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. கோதண்டராமன் நடக்க ஆரம்பித்ததும் இவரும் அவருக்கு இடது பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டார். மற்ற பெண்களோடு நானும் பின்னால் நடந்தேன்.

அப்போதுதான் எனக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. பேசக்கூடாது என்றால் அவர் பேசக்கூடாது. இவர் பேசலாமே. எதிர்த்துச் சொல்லமுடியாது. பாதியில் திரும்பக் கூடாது. ஆட்டோ பிடிக்கக் கூடாது. வெறுங்காலில் வேகமாக ஓடவும் முடியாது. பதினாலு கிலோமீட்டர்.

அக்கினி லிங்கம் தாண்டும்வரை பொன்னியக்கா பொதுவாக விசாரித்துக்கொண்டு வந்தார். எமலிங்கத்துக்கு அப்புறம்தான் ஆரம்பம். கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போகிற வழியைச் சொன்னார். வேன் இல்லாத பௌர்ணமியில் ஜோதியம்மாள் எந்த நிறுத்தத்தில் இறங்கி, எந்த ஏரிக்கரை வழியாக நடந்து, எந்த வீட்டு நாய் துரத்தி, எப்போது வீடு சேர்ந்தார் என்பதை நேரில் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி சொன்னார். பிறகு அடுத்தவள். ஒவ்வொரு லிங்கத்திலும் கோதண்டராமன் நின்று கும்பிடும்போது இவரும் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார். விபூதி வாங்கிக்கொண்டு நடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் நந்தினிக்குப் பொறுக்கவில்லை. அவரை முந்திப் போய்த் திரும்பினாள்.

"அண்ணா, பேச வேணாம். வேன் உண்டுனா தலைய இப்படி ஆட்டுங்க, இல்லனா அப்படி ஆட்டுங்க. சாமி தலைய ஆட்டுறதுக்கெல்லாம் கோச்சிக்காது."

அவர் தலையை அசைக்கவே இல்லை. பின்னால் வந்த யாரோ ஒரு பக்தர் சிரித்தார். நந்தினி விடாமல் அவருடைய வலது பக்கமாக ஒண்டி நடக்கப் பார்த்தாள். பொன்னியக்கா கையைப் பிடித்து இழுத்து, "இந்தப் பக்கம் வாடி" என்றார். கிரிவலத்தில் மலைப் பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு நடக்கவேண்டும் என்பார்கள். சண்டைக்கு நடுவிலும் இந்த மரியாதையை மறக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அடி அண்ணாமலையில் ரேவதியம்மா இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, புருஷனுக்கு நீட்டுவதற்கு முன்னால் பொன்னியக்காவிடம் கொடுத்தார். தொண்டை வறண்டுபோயிருந்தது போல. அக்கா அண்ணாந்து பாதியைக் காலி பண்ணிவிட்டுத் தெளிவான குரலில் இனியாவுக்கு வந்தார். தன் கதையைக் கடைசியாகத்தான் வைத்திருந்தார். கதவு, அம்மிக்கல், உள்ளே இருந்து "யாரு"ன்னு கேட்ட குரல். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றும் சேர்க்கவில்லை.

குபேர லிங்கத்தில் கும்பிட்டுத் திரும்பும்போது கோதண்டராமன் தோளிலிருந்து துண்டு நழுவியது. பொன்னியக்கா எடுத்து உதறினார். நாலாக மடித்து, மூலை சேர்ந்ததா என்று ஒரு கண்ணால் பார்த்து, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு தோளில் போடாமல், மடிப்புக் கலையாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார்.

ராஜகோபுரம் வந்தது. கற்பூரம் ஏற்றி விழுந்து கும்பிட்டு எழுந்தவர், பெண்கள் சுற்றி நிற்பதைக் கண்டுகொள்ளாமல் சுக்குக் காபிக்காரரிடம் போய் ஒரு கப் வாங்கினார். ஊதி ஊதிக் குடித்தார். அதைப்போல மெதுவாக ஒரு மனிதர் காபி குடித்து நான் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமினார்.

"வேன் வரும். ஆனா ஒண்ணு. அடுத்த மாசம் நான் தனியா போறேன்."

நந்தினி விசில் அடித்தாள். மறுநாள் எங்களுக்கு விரிப்பு வந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஸ்ட்ரைக் நடந்த வாரத்தில் இரண்டு லாட்ஜ்கள் துணியை வேலூர்ப் பக்கத்து லாண்டரி ஒன்றுக்குக் கொடுக்கத் தொடங்கின. திரும்பி வரவே இல்லை. வேலை குறைந்தது. முறை போட்டு வாரத்தில் ஒரு நாள் ஆளுக்குச் சம்பளமில்லாத லீவு என்றானது. முதல் லீவைப் பொன்னியக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். மரத்தடியில் உட்கார்ந்த நாளுக்கும் சம்பளம் கிடையாது. நந்தினி அந்த நாட்களில் பொழுது போகாமல் ஒரு செல்போன் கடையில் எட்டிப் பார்த்தவள், அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வேனும் முன்பு மாதிரி ஊருக்குள் போகாது. மெயின் ரோட்டோடு இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். இருட்டுமுன் வீடு சேர அது போதும் என்றார் பொன்னியக்கா. கோதண்டராமன் மட்டும் தீபம் முடியும்வரை அவரிடம் நேராகப் பேசவில்லை. "அந்த அம்மாகிட்ட சொல்லு" என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லுவார். அந்த அம்மாவும் "அவர்கிட்ட சொல்லு" என்று பதில் அனுப்புவார்.

இன்னொரு மாற்றம், ரேவதியம்மா. ஸ்ட்ரைக்கில் மிஷின் பக்கம் வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஆர்டர் எடுப்பது இப்போது அவர்தான். தை மாதம் எங்கள் மூட்டையை எண்ணி எடுத்துக்கொண்டிருந்தபோது, திங்கட்கிழமை கூடுதலாகத் தலையணை உறைகள் வேண்டும் என்று சாரிடம் நேற்றே சொன்னேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று ரேவதியம்மாவிடம் முறையிட்டேன்.

"எந்தப் பக்கம் நின்னு சொன்ன?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"அவருக்கு வலது காது சின்ன வயசுலேர்ந்தே கேக்காது தம்பி. வெளிய காட்டிக்கமாட்டாரு, லாண்டரியில ஒருத்தருக்கும் தெரியாது." மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார். "ஸ்ட்ரைக் அப்போ எனக்குத் தோள்பட்டையே தூக்க முடியல. பொன்னிக்கு போன் போட்டு, விடிகாலையில கிளம்புறாரு, வாயைத் திறக்கமாட்டாரு, இடது பக்கமா வான்னு சொன்னேன்."