மாமரத்தில் ஒரு மஞ்சள் துணி

என் மனைவிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, சிலந்தி நம்பிக்கை உண்டு. பள்ளியில் உயிரியல் சொல்லிக் கொடுப்பவள். நாங்கள் குடியிருக்கும் லோபாக்கிலிருந்து லாபு பக்கம் அவள் பிறந்த தோட்டத்துக் கோவிலுக்குப் போனால், நான் சாமியைச் சுற்றுவேன், அவள் பின்புறத்து மாமரத்தைச் சுற்றுவாள். அதன் பட்டை வெடிப்பில், எறும்பை மட்டுமே வேட்டையாடும் ஒரு சிலந்தி இருந்தது. அரிசி மணி அளவு, பார்க்கவும் எறும்பு மாதிரிதான். தோட்டத்தில் ரப்பர் மரம் போய், எண்ணெய்க்குச் செம்பனை வந்தபின் அந்த இனம் வேறெங்கும் அவள் கண்ணில் படவில்லை. அது அழிந்துகொண்டிருக்கிறதாம்.

போன வருடத் திருவிழாவுக்கு முன் வழக்கம்போல் கோத்தோங் ரோயோங். கூடிச் சுத்தம் செய்வது என்றால் எங்கள் ஆட்களுக்கு இரண்டு வேலை: எறும்புக்கு மருந்து, மரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு. வெடிப்பிலோ சிலந்தி முட்டைப் பையைக் காத்துக்கொண்டிருந்தது. கோவில் தலைவர் அவளுடைய அண்ணன், என் மச்சான். அந்த மரத்தை மட்டும் விட்டுவிடும்படி அவரிடம் கெஞ்சினாள்.

"பால்குடம் எடுக்கிறவங்கள எறும்பு கடிச்சா யாரு பதில் சொல்றது? உன் சிலந்தி எல்லாத்தையும் தின்னுருமா?"

"நாளைக்கு ஒன்னு ரெண்டு தின்னும், அண்ணே."

"அப்ப அடுத்த ஜென்மத்துல முடிச்சிரும் லா."

துப்புரவு நாளில் எல்லோருக்கும் முன்னால் போய், மஞ்சளில் நனைத்த துணியை வெடிப்பை மறைத்து மரத்தில் தளர்வாகக் கட்டினாள். அப்போது முகத்தில் இருந்த பக்தியை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. வேண்டுதல் துணி கட்டிய மரத்தில் கைவைக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. மச்சான் சுண்ணாம்பு வாளியோடு வந்தார், பார்த்தார், திரும்பிப் போனார். மருந்துக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஆனால் ஐம்பதை நெருங்கும் பிள்ளையில்லாத பெண் மரத்தில் துணி கட்டினால் ஊர் என்ன நினைக்கும்? மாலைக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி. ஓர் அக்கா ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவள் கையில் அல்ல, என் கையில்.

காரில் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சை நாங்கள் விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. ஊர் அதை மறுபடி எடுத்தது எனக்கும் வலித்தது.

"துணிய அவுத்துரட்டுமா?"

"அவுத்தா சுண்ணாம்பு அடிச்சிருவாங்க. பேசிட்டுப் போகட்டும், விடுங்க."

திருவிழாவில் பெண்கள் அவளுக்காக மரத்தடியில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். எறும்புக்குக் கொண்டாட்டம், சிலந்திக்கு அதைவிட.

திருவிழா முடிந்து நாங்கள் மறுபடி போனபோது, மச்சான் மரத்தடிக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டுதல் ஏதாச்சும் பலிச்சுச்சாம்மா?"

அவள் துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். முட்டைப் பை திறந்திருந்தது. அதைச் சுற்றி எள்ளைவிடச் சின்னதாகக் குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"பலிச்சிருச்சு, அண்ணே."

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அடுத்த வருஷத் துணிய நான் கொண்டாரேன்," என்றார்.