ஷாகிரா மேடத்துக்குக் கேட்காத வார்த்தைகள்

ஷாகிரா மேடம் இறந்துவிட்டார் என்று மெக்கானிக் பாஷா பாய் போன் செய்தபோது நான் ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். “பெட்டியை யாரும் தொடாதீங்க, நாளைக்கு நான் வந்து காதால கேட்டாத்தான் ஆச்சு” என்று முந்தின நாள்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். செங்கம் ரோட்டில் அவர் அண்ணனுடைய பழைய வேர்க்கடலைக் கிடங்குதான் எங்கள் ஷெட். விண்கலத்தில் ஆட்கள் தங்கும் அறையைப் போல ஒரு பெட்டி அதற்குள் நிற்கிறது. மேலே போனால் காற்று தானாக நகராதாம். விசிறி நின்றால், விட்ட மூச்சே முகத்தைச் சுற்றி நிற்குமாம். அதனால் இரவும் பகலும் விசிறி ஓடவேண்டும். அதன் இரைச்சலை அடக்கும் குழாயைத்தான் நாங்கள் செய்கிறோம்.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட நான் பெருக்குவதற்குத்தான் சேர்ந்தேன். டீ வேண்டுமா என்று நான் கேட்டதை ஒருநாள் மேடம் மூன்று முறை திரும்பச் சொல்லவைத்தார். மறுநாள் என்னைப் பெட்டிக்குள் உட்காரவைத்து, விசிறியை ஓடவிட்டு, வார்த்தைகளை வாசிக்கச் சொன்னார். எதிர்மூலையில் உட்கார்ந்து, காதில் விழுந்ததை மட்டும் எழுதினார். குரலை உயர்த்தினால் திட்டுவார். “கத்துறதுக்கு ஆள் வேணும்னா பஸ் ஸ்டாண்டுல ஒரு கண்டக்டரைக் கூட்டிட்டு வந்திருப்பேன். நீ எப்பவும் பேசற மாதிரியே பேசு.”

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தின் மைக்செட் சத்தத்தில் எதையும் அளக்க முடியாது. லீவு கிடைக்கும் என்று நினைப்போம். குழாய்க்குள் நுரைப்பஞ்சு மாற்றும் வேலை கொடுப்பார்.

போன மாதம், குழாய்க்கு ஆர்டர் கொடுத்த கம்பெனியின் அதிகாரி வந்தார். மீட்டரில் சத்தம் அளவுக்குள்தான் இருந்தது. நான் வாசித்த எல்லா வார்த்தையும் அவருக்குக் கேட்டது. மேடம் மட்டும், “எனக்குப் பாதிதான் கேட்டுச்சு” என்று, வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட மறுத்தார்.

பாஷா பாய்க்குப் பொறுக்கவில்லை. “கோச்சுக்காதீங்க மேடம். கோளாறு பெட்டியில இல்ல, உங்க காதுல.”

“தெரியும் பாஷா. பழைய வேலையில வருஷக்கணக்கா இன்ஜின் பக்கத்துல நின்ன காது. மேல போயி மாசக்கணக்கா இந்த இரைச்சல்ல கெடக்கறவனுக்கும் காது மந்தமாத்தான் ஆவும். பக்கத்துல இருக்கறவ, புகை வாசம் வருதுன்னு சொன்னா அவனுக்குக் கேக்க வேணாமா?”

“கத்திச் சொல்லட்டுமே” என்றார் அதிகாரி.

“எல்லாரும் கத்துவாங்களா? இதோ இவளைப் பாருங்க. ஷெட்டே எரிஞ்சாலும் மெதுவாத்தான் வந்து சொல்லுவா.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் ஆறவே இல்லை. அந்தக் கோபத்தோடுதான் குழாயை மறுபடி கழற்றினேன்.

மேடத்தை அடக்கம் செய்த அடுத்த வாரமே அதிகாரி வந்தார். பாஷா பாயைக் கேட்கும் இடத்தில் உட்காரச் சொன்னார். “கொஞ்சம் சத்தமா படிம்மா. இன்னிக்கோட முடிச்சிடலாம்.” எனக்கும் முடிந்தால் போதும் என்றுதான் இருந்தது. பாஷா பாய் நுரைப்பஞ்சைக் கிள்ளி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, படி என்று கையைக் காட்டினார். நான் எப்போதும் பேசுவது போலவே படித்தேன். அவருக்குப் பாதிதான் கேட்டது.

அதிகாரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குழாயை மறுபடி கழற்றியிருக்கிறோம். பஞ்சுத் தூள் பட்டுக் கையெல்லாம் அரிக்கிறது. வீட்டிலும் பள்ளியிலும் எல்லோரும் என்னைச் சத்தமாகப் பேசச் சொன்னார்கள். விசிறியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர் மேடம் ஒருவர்தான். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, என்னுடைய இந்தக் குரலைத்தான்.