ரேடியோ அக்காவும் சாய்ந்த விண்கலமும்

வாயில் இரண்டு கிளிப்புகளைக் கவ்விக்கொண்டிருந்தாலும் பேச்சை நிறுத்தமாட்டார் அந்த அழகு நிலையத்து அக்கா. சீப்பால் வகிடு எடுக்கும்போதே கேள்விகள் தொடங்கிவிடும். "மாமியார் எப்படி இருக்காங்க? புது வீட்டுல தண்ணி ஒழுங்கா வருதா?" பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். தெருவில் அவருக்கு ரேடியோ அக்கா என்று பெயர். அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. "ரேடியோவுக்காவது பேட்டரி வேணும், எனக்கு அதுவும் வேண்டாம்" என்பார்.

அன்று காலை கடை டிவியில் ஒரே செய்தி. ஒரு தனியார் நிறுவனம் நிலாவுக்கு அனுப்பிய விண்கலம், தரையைத் தொட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே அடங்கிவிட்டது. பெஞ்சில் காத்திருந்த பெண்கள் உச்சுக்கொட்டும் முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டார். கத்தரியை விண்கலம் போல உயரத் தூக்கி, தள்ளாடித் தள்ளாடி இறக்கி, நாற்காலியில் இருந்த பெண்ணின் தோளில் 'தொப்'பென்று சாய்த்தார்.

"எங்க வீட்டு மூணுகால் ஸ்டூலே ஒழுங்கா நிக்குது. இவங்க படிச்ச படிப்புக்கு ஒரு காலை நேரா நிக்க வைக்கத் தெரியலையே!"

கடை குலுங்கிச் சிரித்தது. "இன்னொரு தடவை பண்ணுங்கக்கா" என்றார் ஒருவர். பண்ணினார். இம்முறை விண்கலம் 'ஐயோ அம்மா' என்று அலறவும் செய்தது.

நாற்காலியில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அக்காவிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறாள். அவள் தலையில் சுழி எங்கே என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"அந்த விண்கலத்தோட கால் எங்க குழு செஞ்சது, அக்கா" என்றாள் மெல்ல. "மத்தியானம் பத்திரிகைக்காரங்க முன்னாடி நிக்கணும். அதான் வந்தேன்."

கத்தரி அந்தரத்தில் நின்றது. "நீ... ஏதோ கம்பெனின்னுதானே..."

"போன தடவை சொன்னேனே. நீங்க அதைக் கேக்காம, 'என்ன ஷாம்பு போடுற?'ன்னு கேட்டீங்க."

அக்காவின் காதுமடல் சுட்டது. அவள் அன்று முகமெல்லாம் பூரிப்பாய்ச் சொல்லத் தொடங்கியதும், தலையைக் குனியச் சொல்லித் தான் வேறு கதைக்குப் போனதும் இப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

பின்னால் யாரோ கைப்பையைச் சாய்த்து 'தொப்' என்றார்கள். மறுபடி சிரிப்பு.

"சும்மா இருங்களேன்" என்றார் அக்கா. அதையும் வேடிக்கை என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

கண்ணாடியில் அந்தப் பெண்ணின் உதடு துடித்தது. அவள் கழுத்தில் கட்டியிருந்த, முடி ஒட்டிய போர்வைத் துணியை அக்கா சட்டென்று அவிழ்த்து எடுத்தார். பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் நடுவே போய் நின்று, அவள் முகம் யாருக்கும் தெரியாதபடி இரண்டு கைகளாலும் அதைத் திரைபோல அகல விரித்துப் பிடித்துக்கொண்டார்.